தலை அங்கே, கால் இங்கே

கம்பத்தை முதலில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். அப்புறம்தான் ஒட்டியிருக்கும் விளம்பரத் தாளைச் சுரண்டி, துணியால் துடைத்து, மஞ்சள் வண்ணத்தில் எண் எழுதுகிறார்.

“உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்கறீங்களா அக்கா?” என்கிறார் சைக்கிள் கடைக்காரர்.

“வாடகை வாங்கப் போறோம். கதவைத் தட்டாம எப்படி?”

நகராட்சி வருவாய்ப் பிரிவில் இவர் உரிமக் கட்டண எழுத்தர். ஊருக்குக் ‘கம்பத்தக்கா’. தெருவில் கம்பம் நட்டு மின்சாரமும் தொலைபேசியும் விற்கிற கம்பெனிகள், கம்பத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் நகராட்சிக்குக் கட்ட வேண்டும். சாக்கடையில் தூர் வாருவதும் நூலகத்துக்கு நாற்காலி வாங்குவதும் அந்தப் பணத்தில்தான். “வண்டி நின்னா அபராதம் போடறோம். கம்பம் வருஷம் முழுக்க நிக்குது, சும்மா விடுவோமா?” என்பது அவருடைய சட்ட விளக்கம்.

ஐம்பதைத் தாண்டிவிட்டார். அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறார். நடை வேகம், கூட வருகிறவருக்கு மூச்சு வாங்கும். நாய் குரைத்தால் நின்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகருவார். “கல்யாணம் வேணாம்னுட்டு கம்பத்தைக் கட்டிக்கிட்டா” என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வார். கூடவே இன்னொன்றும் சொல்வார்: “கூட்டாய்வு வந்தா மட்டும் புதுச் செருப்பு வாங்கறா. ஏன்னு கேட்டா, பழசு கடிக்குதாம்.”

கூட்டாய்வு ஆண்டுக்கு ஒருமுறை. நகராட்சிக்கு இவர், கம்பெனிக்கு ஓர் ஆய்வாளர். இருவரும் ஊரைச் சேர்ந்தே நடந்து சுற்றி, ஒவ்வொரு கம்பத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடமாக அதே ஆய்வாளர்தான் வந்துகொண்டிருந்தார். அவருக்கு இவர் வைத்த பெயர் ‘எதிர்க்கட்சி’. “எதிர்க்கட்சிக்கு முழங்கால் வலி. ஆனா வாய்க்கு ஒரு வலியும் கிடையாது.” அந்த வாரம் மட்டும் அக்காவின் நடை மெதுவாகிவிடும் என்று சைக்கிள் கடைக்காரர் சொல்கிறார்.

சுற்று முடிவது ஊர் எல்லையில். அங்கே இடுப்புயர எல்லைக்கல். பக்கத்தில் ஒரு சாய்ந்த கம்பம். கால் இந்த ஊரில், தலை அடுத்த ஊரின் மேல். எதிர்க்கட்சி கல்லின்மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே தொடங்குவார்: “தலை அங்கதான மேடம் இருக்கு? இது உங்க கம்பம் இல்ல.”

“ஆள் எங்க நிக்கறான்னு காலைப் பாத்துதான் சார் சொல்லுவாங்க.”

டேப்பின் ஒரு முனையை இவர் பிடிக்க, மறுமுனையை அவர் பிடிப்பார். அளப்பார்கள். வாதாடுவார்கள். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்துவிடும். இருவருமே போடுவதில்லை. “சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று பிரிவார்கள்.

இந்த வருடம் அவர் வரவில்லை. இன்று காலை கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: எல்லைக் கம்பத்தையும் ஏற்கிறோம், இனித் தகராறு ஒன்றும் இல்லாததால் கூட்டாய்வு தேவையில்லை.

நகராட்சி அலுவலகத்தில் மேலாளர் எழுந்து கைதட்டினார். “ஜெயிச்சிட்டீங்கக்கா! போய் நம்பர் போட்டுட்டு வந்துடுங்க.”

அக்கா கடிதத்தின் அடியைப் பார்த்தார். “இது அவர் கையெழுத்து இல்லியே” என்றார். யாரும் கவனிக்கவில்லை.

எல்லைக்கு வந்ததும் வழக்கம்போலக் கம்பத்தைத் தட்டினார். துடைத்தார். வண்ண டப்பாவைத் திறந்தார். தூரிகையை முக்கி எடுத்தவர், எழுதாமல் நின்றார். பிறகு கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கல் இருக்கும் பக்கம் போனார். இத்தனை வருடத்தில் அக்கா அந்தப் பக்கம் நின்று பார்த்ததே இல்லையாம். தலையைச் சாய்த்து மேலே பார்த்தார்.

“இங்கேர்ந்து பாத்தா அவர் சொன்னது சரி மாதிரிதான் இருக்கு.”

கைப்பேசியை எடுத்தார். “சார், இது நம்ம கம்பம் இல்லையோன்னு தோணுது. தலை அந்த ஊர்லதான் இருக்கு.”

மேலாளர் போட்ட சத்தம் வெளியே கேட்டது. “என்னக்கா, ஜெயிச்ச கேஸை நீங்களே தோக்கடிக்கிறீங்க?”

“நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல சார். வாங்கக் கூடாததை வாங்கக் கூடாது. அவங்க ஆளும் வந்து சேந்து அளந்தாத்தான் சரியா இருக்கும்.”

மேலாளர் சத்தத்தைக் குறைத்தார். “எழுதிப் பாக்கறேன். அனுப்புவாங்களான்னு சொல்ல முடியாது.”

“பழைய ஆளையே அனுப்பச் சொல்லுங்க சார். அவருக்குத்தான் இந்தக் கம்பத்தைப் பத்தித் தெரியும்.”

கைப்பேசியைப் பைக்குள் போட்டார். தூரிகையை டப்பா விளிம்பில் வழித்து, மூடியை அழுத்தி மூடினார். கிளம்பப் போகிறார் என்றுதான் தோன்றியது. அவரோ கம்பம் துடைக்கும் துணியை உதறி மடித்து, எல்லைக்கல்லின் தலையில் காய்ந்திருந்த காக்கை எச்சத்தை, ஒருவர் உட்காரும் அளவுக்கு, அழுத்தித் துடைக்கத் தொடங்கினார்.