கொம்பில் தொடங்கும் எழுத்து

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கணினி வேலைகளை எல்லாம் தனியொருவராகப் பார்த்துவந்தவர் சுகுணா. கல்லாவியில் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவர், நிதானத்துக்குப் பேர்போனவர்.

அங்கே இயந்திரம் பழுதானால் தொழிலாளர் வாயால் சொல்வார்கள். மேற்பார்வையாளர் அதை ஆங்கிலத்தில் வலைப்பக்கத்தில் பதிவார். சொன்னது ஒன்று, பதிவானது வேறொன்று என ஆவதும் உண்டு. ஆகவே சுகுணா பட்டறையில் ஒரு தொடுதிரையை வைத்து, அப்பக்கத்தின் அடியிலேயே தமிழ் எழுத்துப்பலகை விரியும்படி நிரல் எழுதினார். மேலாளர் குருமூர்த்தி தடை சொல்லவில்லை. கெடு மட்டும் வைத்தார். சனிக்கிழமைக்குள் ஒரு தொழிலாளி யார் துணையுமின்றி ஒரு பழுதை எழுதிக் காட்ட வேண்டும். இல்லையேல் தமிழ்ப் பலகையை எடுத்துவிடலாம்.

புதன்கிழமை, சுகுணாவும் குருமூர்த்தியும் பக்கத்தில் நிற்க, பேக்கிங் பிரிவின் பூவம்மாள் திரைமுன் நின்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ‘பெல்ட் தேய்ஞ்சு போச்சு’ என்று எழுத வேண்டும். முதலில் கொம்பைத் தொட்டார். அது ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. அடுத்து ‘ப’ வந்தும் இரண்டும் சேரவில்லை.

இயந்திரப் பழுது பார்க்கும் பிட்டர் முனிவேல் எட்டிப் பார்த்தார். “கொம்பு தெரியுதுங்க மேடம், ஆட்டைத்தான் காணோம்.”

எல்லாரும் சிரித்தார்கள், குருமூர்த்தியைத் தவிர. எழுத்து முன்னே, கொம்பு பின்னே என்று அந்த அம்மாளுக்குப் பழக்கிவிடுமாறு சொன்னார். சுகுணாவும் பழக்கிப் பார்த்தார். மூன்று முறையும் பூவம்மாளின் விரல் கொம்புக்கே போயிற்று.

“கொம்பு போட்டுட்டுத்தானுங்க பானா எழுதுவோம்? நீங்க எப்படி எழுதுவீங்க?” என்றார் பூவம்மாள்.

சுகுணா பேனாவை எடுத்து ஒரு துண்டுத்தாளில் ‘பெல்ட்’ என்று எழுதினார். அவர் கையும் கொம்பில்தான் தொடங்கியது. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைத்தே பழகியதில், தம் கையின் வரிசையே அவருக்கு மறந்திருந்தது. கணினி கொம்பைப் பின்னே வைப்பது கணினியின் சௌகரியம். அதற்காகப் பூவம்மாளின் விரலைத் திருத்தப் புறப்பட்டோமே என்று கூசினார்.

பிழை தம்முடையது என்று குருமூர்த்தியிடம் நேரே சொல்லிவிட்டு, இரண்டு நாளில் நிரலை மாற்றினார். இனிக் கொம்பைத் தொட்டால் அது காத்திருக்கும்; எழுத்து வந்ததும் கணினி கேட்கும் இடத்தில் போய்ச் சேரும்; இரட்டைக் கொம்பாக இருந்து, பின்னால் காலும் வந்தால் மூன்றும் கூடிப் ‘போ’ ஆகும்.

சனிக்கிழமை பூவம்மாள் தம் கைப்போக்கிலேயே மூன்று சொற்களையும் எழுதி முடித்தார். குருமூர்த்தி ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, பலகை இருக்கட்டும் என்றார். முனிவேல் புது பெல்ட் எடுக்கக் கிளம்பினார்.

பூவம்மாள் மட்டும் நகரவில்லை. யாரும் கேளாமலே இரட்டைக் கொம்பில் விரலை வைத்தார். ‘லேடீஸ் பாத்ரூமுக்குத் தாப்பா இல்லை. ஆறு மாசமா’ என்று திரையில் நின்றது. ஆண் மேற்பார்வையாளரிடம் எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லியிராத பழுது அது.

குருமூர்த்தி அதையும் படித்தார். பிறகு முனிவேலைத் திரும்பக் கூப்பிட்டார்.

“பெல்ட் அப்புறம். மொதல்ல தாப்பாவைப் போட்டுட்டு வாப்பா.”