பின்வாசல் சாவி

திருவொற்றியூரில் எங்கள் வார்டுப் பூங்காக் குழுவில் இருக்கும் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் தன்னார்வலர்கள். அவர்களுக்கு உதவியாக ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட ஒரே ஆள் மெஹ்னாஸ். கூட்டத்துக்கு ஒவ்வொருவரையும் போனில் அழைப்பது, மறந்தவர்களை மறுபடி அழைப்பது, நாற்காலி போடுவது, தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குவது எல்லாம் அவர் வேலை.

"போண்டா கீதுன்னு சேத்து சொல்லுமா, அப்பத்தான் வருவானுங்க" என்பார் தலைவர் குணசேகரன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஹ்னாஸும் சிரிக்காமல் போண்டாவைச் சேர்த்துச் சொல்லுவார்.

பின்பக்கச் சந்திலிருந்து குடிகாரர்கள் உள்ளே வருகிறார்கள் என்று போன வருடம் பின்வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி வாரம் ஒரு உறுப்பினர் வீட்டில் இருக்கும். முறை மாறும் அன்று தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்கள். காலையும் மாலையும் திறந்து மூடுவது சாவி வைத்திருப்பவர் பொறுப்பு. போகப் போகத் திறப்பது நின்றுபோனது. தட்டு மட்டும் நிற்கவில்லை.

"மாத்து சாவி ஒண்ணு ஆபீஸ்ல இருக்கட்டுமே சார்" என்று மெஹ்னாஸ் கேட்டிருந்தார். மணலியில் வளர்ந்தவர் அவர். ஆலைகள் இருக்கும் வடக்கிலிருந்துதான் வாயு வாடை வரும், முன்வாசலும் வடக்கேதான், தப்பிக்கப் பின்வாசல்தான் வழி என்பது அவர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஆபீஸ்லயும் ஒண்ணு இருந்தா அப்பறம் முறைக்கு இன்னா மரியாத? எங்களுக்குன்னு இருக்கறதே இது ஒண்ணுதான்" என்றார் இன்னொரு உறுப்பினரான வரதன். மாற்றுச் சாவியை எண்ணூர்க் கடலில் வீசிவிட்டதாகப் பெருமையாகவும் சொன்னார்.

மார்கழியில் ஒரு மாலை. குழந்தைகள் ஊஞ்சலில் இருந்தார்கள். பெண்கள் சிலர் நடந்துகொண்டிருந்தார்கள். முதலில் காக்கைகள் கிளம்பிப் போயின. பிறகு மூக்கைக் குத்தும் வாடை வந்தது. யாரும் கத்தவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லோரும் வடக்கே பார்த்தார்கள். அடுத்த நிமிடம் ஒருவர் விடாமல் பின்வாசலுக்கு ஓடினார்கள். பூட்டு தொங்கியது. சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லு.

அந்த வாரம் குணசேகரன் முறை. கூட்டத்தோடு ஓடிவந்த மெஹ்னாஸ் அவருக்குப் போன் செய்தபோது அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது.

"நான் மாத்தூர்ல கீறேம்மா, கல்யாணத்துல. சாவியா? என் இடுப்புலயே கீது. பத்திரமா கீது, பயப்படாத!"

நடக்க வந்திருந்த, ஆஸ்துமா உள்ள ரமாபாய் கதவுக் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். மூச்சு விசில் போல இழுத்தது. மெஹ்னாஸ் தன் துப்பட்டாவை நனைத்து அவர் முகத்தில் கட்டினார்.

அப்போது பூங்காவைப் பெருக்குகிற கெங்கம்மா கடப்பாரையோடு வந்தார். "கம்னு நவுருங்கமே! பூட்டு பெருசா, உசுரு பெருசா?" நாலைந்து அடியில் கொண்டி பெயர்ந்தது. கூட்டம் சந்துக்குள் கொட்டியது.

சிறிது நேரத்தில் காற்று திரும்பியது. எங்கிருந்து வந்த வாடை என்று யாரும் வந்து சொல்லவில்லை. ரமாபாய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். இப்போது இரண்டு வார்த்தை பேசினால் இருமுகிறார்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.

"கொண்டிய ஒடச்சது யாரு?" என்று வரதன் கேட்டார். "பொதுச் சொத்தாச்சே."

கெங்கம்மா சுவரோரம் விளக்குமாற்றோடு அசையாமல் நின்றார்.

"நான்தான் சார்" என்றார் மெஹ்னாஸ்.

"சொல்லிட்டு ஒடச்சிருக்கலாமே" என்றார் குணசேகரன், கோபமில்லாமல். "சரி வுடு. நல்லா கெட்டியா ஒண்ணு வாங்கியா."

"பூட்டே வேணாம் சார். அந்தக் கதவு தெறந்தே இருக்கட்டும்."

"மறுபடியும் குடிகாரன்லாம் வருவானே. அந்த வாடை இன்னா தெனமுமா வருது?"

புதுப் பூட்டுக்கே எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானத்தை மெஹ்னாஸ்தான் எழுதினார். பூட்டு வாங்குவதும் அவர் வேலைதான். அது இரண்டு சாவிகளோடு வந்தது. அவர் ஒன்றைத்தான் தட்டில் வைத்தார். மற்றது கழுத்துக் கயிற்றில், உடைக்குள் தொங்குகிறது. தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும்.

இப்போது மாலை நேரப் போன்களையெல்லாம் அவர் பின்வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் செய்கிறார். பேச்சு உறுப்பினர்களோடு, கண் வடக்குப் புகைபோக்கிமேல்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெங்கம்மாவிடம் சாவியை நீட்டிப் பார்த்தார்.

"வேணாம் தாயே. என்கிட்ட கீதுன்னு தெரிஞ்சா மறுநாளே தொரத்திடுவானுங்க."

பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். ஊஞ்சலுக்கு வரிசை நிற்கும்.