சுப்பர்சார்ஜருக்கும் ஓம், பிஸ்டனுக்கும் ஓம்

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் குடியிருக்கும் ஒருவர் கார் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் பாரிஸ் நகருக்குள் மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது என்று சட்டம் இருக்கும் காலத்தில், ஆறு சிலிண்டர் ஜெர்மன் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, 'இதற்கு வேகம் போதாது' என்று கவலைப்படுவது கொஞ்சம் விசேஷம்தான். மடுத்தீன் அப்படித்தான் கவலைப்பட்டார். இரண்டு வருடமாக, ஓர் ஓய்வுநாள் தவறாமல்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. மன்னாரில் பிறந்து, கார் து நோர் ரயில் நிலையத்தடியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் இருபத்திரண்டு வருடமாக வேகிறவர். 'இதுதான் அசல் பிரான்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டும் மாட்டிறைச்சிக் கறி அவருடைய கைவண்ணம். இந்த இரகசியத்தை உணவக முதலாளியும் மடுத்தீனும் பிரெஞ்சுக் குடியரசின் நலன் கருதிக் காப்பாற்றி வருகிறார்கள்.

கார் ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் போர்வை போர்த்தி நிற்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் மடுத்தீன் படியிறங்கிப் போய்ப் போர்வையை விலக்கி, ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புவார். நடந்தால் பத்து நிமிடம். காரில் இருபத்தைந்து.

அவருடைய கவலைக்கு இரண்டு வைத்தியம் இருந்தது. ஒன்று, என்ஜினுக்கு வெளியே சுப்பர்சார்ஜர் என்ற ஊதியைப் பூட்டி, உள்ளே காற்றை அடித்துத் திணிப்பது. மற்றது, என்ஜினையே பிரித்துப் பிஸ்டன், காம் எல்லாவற்றையும் மாற்றி, அது தன் மூச்சிலேயே கூடுதலாக உழைக்கும்படி செய்வது. இரண்டில் எது? உலக சரித்திரத்தில் இதைவிடச் சிறிய கேள்விகளுக்காக நாடுகள் பிரிந்திருக்கின்றன.

"இஞ்சேருங்கோ, என்னைப் பார்த்து ஓம் சொல்ல உங்களுக்கு அரை மணித்தியாலம்தான் எடுத்தது. ஒரு காருக்கு ரெண்டு வருசமோ?" என்று கேட்டாள் மனைவி மேரிறோஸ்.

"அப்ப எனக்குப் புத்தி சொல்ல ஒருத்தரும் வரேல்லை" என்றார் மடுத்தீன்.

இப்போது புத்தி சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் மேரிறோஸின் தம்பி சுரேன். பாரிசுக்கு வெளியே சென் தெனியில் கராஜ் வைத்திருக்கிறான். "அத்தான், என்ஜினைத் திறக்கவே தேவையில்லை. சுப்பர்சார்ஜரைப் பூட்டுவம், பெல்ற்றைப் போடுவம், கார் பறக்கும். ஜெர்மனி டோர்ட்மூண்டிலை என்ர சிநேகிதனிட்டை சாமான் கிடக்கு. எடுப்பிக்கட்டோ?" என்றான்.

மனைவியின் தம்பியிடம் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்கிற ஆண்பிள்ளை மன்னாரிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. "ஓம், ஓம்" என்றார் மடுத்தீன்.

மற்றவர் மார்செல். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு இராணுவத்தின் வாகனப் பட்டறையில் இருபத்தைந்து வருடம் லொறிகளின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்து ஓய்வு பெற்றவர். மடுத்தீன் பாரிசுக்கு வந்த புதிதில், கையில் ஒரு படிவத்தோடு பிரெபெக்தூர் என்ற அரச அலுவலக வரிசையில் முழிசிக்கொண்டு நின்றபோது, பின்னால் நின்ற மார்செல் அதை வாங்கி, தன் தொடையில் வைத்தே நிரப்பிக் கொடுத்தார். பிறகு மகள் பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்குச் சொந்தக்காரர் ஒருவரும் பாரிசில் இல்லாததால், ஞானத்தகப்பனாகவும் நின்றார்.

"தம்பி, எஞ்சின்னா ஒரு ஃபமீய், குடும்பம் மாதிரி. வெளியாளைக் கூட்டியாந்து உள்ள காத்து ஊத விடக்கூடாது. பிரிக்கணும், அளக்கணும், நல்ல பிஸ்டன் போடணும். எனக்குத் தெரிஞ்ச பட்டறையில சொல்லி வெக்கவா?" என்றார் மார்செல்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தவரிடமும் வேண்டாம் சொல்ல முடியாது. "ஓம் அண்ணை, ஓம்."

இப்படியே இன்னும் பத்து வருடம் போயிருக்கும். யாருக்கும் மனம் நோகாமல், காருக்கும் ஒன்றும் ஆகாமல். கெடுத்தது மகள் ஷிரோமிதான். தகப்பனின் பிறந்தநாளுக்கு அவள் ஓர் உறையைக் கொடுத்தாள். உள்ளே ஒரு சீட்டு. பாரிசிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஒரு கார்ப் பந்தய ஓட்டத்திடலில், ஜூன் இரண்டாம் ஞாயிறு, சொந்தக் காரை விரும்பியபடி ஓட்டலாம். பக்கத்தில் ஒருவர் இருக்கலாம்.

"பக்கத்தில் நான்" என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் பிரெஞ்சில்தான் சொல்வாள். பத்து வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய்வந்ததற்கு அத்தாட்சியாக வீட்டில் ஒரு சான்றிதழ் மட்டும் இருந்தது. "அதற்கு அடுத்த திங்கள் நான் கனடாவுக்கு, மொன்றியால் போய்விடுவேன், பப்பா. அங்கே வேலை மூன்று வருடம். அதற்கு முன் ஒரு தரமாவது நீ அந்தக் காரை ஓட்டி நான் பார்க்கவேண்டும்."

தேதியை மாற்ற முடியாது. விமானச் சீட்டையும் மாற்ற முடியாது. மடுத்தீன் அந்த உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குசினியில் வெங்காயம் வெட்டினார். அன்று கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

ஓட்டத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, சுரேன் கூப்பிட்டான். "அத்தான், சாமான் வந்திட்டுது. காரைக் கொண்டு வாங்கோ."

மடுத்தீன் போனார். மேசையில் அலுமினிய சுப்பர்சார்ஜர் பெரிய நத்தை ஓடு போல மினுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு மார்செல் உள்ளே வந்தார். கார் சுரேனிடம் போயிருக்கிறதென்று மேரிறோஸ் சொல்லக் கேட்டு, சாமானோடு ரயிலேறி வந்திருக்கிறார். பைக்குள், பழைய பத்திரிகையில் கருவாடு போலச் சுற்றிய ஆறு பிஸ்டன்கள்.

"என்ன இது, நத்தை?" என்றார் மார்செல்.

"சுப்பர்சார்ஜர், ஐயா. அத்தான் ஓம் எண்டவர்."

"எங்கிட்ட இல்ல சரின்னாரு!"

இருவரும் மடுத்தீனைப் பார்த்தார்கள். மடுத்தீன் கூரையைப் பார்த்தார். பிறகு, சமாதானத் தூதுவரின் குரலில், "ரெண்டையும் போடேலாதோ?" என்று கேட்டார்.

சுரேன் ஒரு பிஸ்டனை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இதின்ர தலை உயரம், அத்தான். காற்றை நல்லா இறுக்கும். என்ர நத்தை ஏற்கெனவே இறுக்கின காற்றைத்தான் அனுப்பும். ரெண்டும் சேர்ந்தால் உங்கட என்ஜின் வெடிச்சுச் சிதறும்."

"வுவாலா, அதான். இது ஒண்ணு மட்டும் பையன் சரியா சொல்றான்" என்றார் மார்செல்.

"ரீ ஒண்டு குடிப்பமோ?" என்றார் மடுத்தீன். இக்கட்டான எந்த நேரத்திலும் அவர் எடுக்கும் ஆயுதம் அது. சுரேன் எட்டிக் கேத்திலைப் போட்டான்; மார்செல் அசையவில்லை.

அவருடைய கை சட்டைப் பையிலிருந்த உறைக்குப் போயிற்று. "அண்ணை, உங்கட வேலைக்கு எவ்வளவு நாள்?"

"ஒழுங்கா செய்யணும்னா ஆறு வாரம். அப்பறம் ரொதாஜ். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டிப் பழக்கணும்."

ஸ்டாலின்கிராட் போய்வரும் கணக்கில் அது பதினைந்து வருடம்.

"தம்பி, உனக்கு?"

"ரெண்டு நாள். சரி, மூண்டு."

மடுத்தீனுக்கு வேர்த்தது. ஒரே நேரத்தில் நாற்பது தட்டுக் கேட்டு மணி அடித்தாலும் வேர்க்காத மனிதர். வாழ்க்கையில் அவர் வேண்டாம் என்று சொன்னது சாப்பாட்டு மேசையில் மட்டும்தான், அதுவும் மூன்றாம் முறை பரிமாறும்போது.

"அண்ணை, உங்கட பிஸ்டன் வேண்டாம்" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "உங்கட வேலைதான் திறம். எனக்குத் தெரியும். ஆனா அது முடியேக்கை பிள்ளை இஞ்சை இருக்கமாட்டாள்."

மார்செல் பிஸ்டன்களை ஒவ்வொன்றாகப் பத்திரிகையில் சுற்றினார். சுரேன் நீட்டிய தேநீரை வாங்காமல் பையை இழுத்துக்கொண்டு போனார். அதன் ஒரு சக்கரம் தெருமுனை மட்டும் கிறீச்சிட்டுக் கேட்டது.

அடுத்த ஞாயிறு பூசையில் சமாதானம் பரிமாறும் நேரம் வந்தது. மார்செல் முன்வரிசைக்குக் கை கொடுத்தார், பின்வரிசைக்குக் கொடுத்தார், வழி தவறி உள்ளே வந்த ஒரு சுற்றுலாப் பயணிக்கும் கொடுத்தார். பக்கத்தில் நீட்டியபடி நின்ற மடுத்தீனின் கையை மட்டும் அவர் காணவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னமே சொல்லியிருந்தால் மனுசனுக்கு இவ்வளவு நொந்திராது" என்றாள் மேரிறோஸ். அது உண்மை என்று மடுத்தீனுக்கும் தெரியும். ஷிரோமி யாரிடமும் கேட்காமல் ஞானத்தகப்பனைப் பார்க்கப் போய் மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை.

ஜூன் இரண்டாம் ஞாயிறு கார் புறப்பட்டது. தன் சக்கரத்தில் அல்ல, சுரேனின் லொறி முதுகில். ஊதி பூட்டிய காரை வீதியில் ஓட்டத் தனி அனுமதி வேண்டும், காப்புறுதிக்காரரும் சம்மதிக்கவேண்டும். வீதிக்கென்று வேகம் கூட்டிய கார் வீதியில் இறங்க முடியாது என்பதை மடுத்தீன் தத்துவார்த்தமாக ஏற்றுக்கொண்டார். லொறியின் பின் இருக்கையில், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மார்செல் இருந்தார்.

முதல் சுற்றில் மடுத்தீன் ரூ பஜோலில் போவது போலவே போனார். வெள்ளை மீசைப் பிரெஞ்சுக் கிழவர் ஒருவர் சின்னச் சிவப்புக் காரில் அவரை முந்திக்கொண்டு கை காட்டினார். இரண்டாம் சுற்றில், நீண்ட நேர்ப்பாதையில், மடுத்தீன் காலை முழுதாக அமத்தினார்.

நத்தை ஊளையிட்டது. இருக்கை முதுகில் வந்து மோதியது. இருபத்திரண்டு வருடக் குசினிப் புகை காதுவழியாக வெளியேறுவது போல இருந்தது.

"ஐயோ அப்பா!" என்று ஷிரோமி கத்தினாள். "மெல்ல! இல்லை, இல்லை, இன்னும் போங்கோ, இன்னும்!"

பத்து வருட வகுப்பால் முடியாததை ஒரு பழைய சுப்பர்சார்ஜர் எட்டு விநாடியில் முடித்துவிட்டது.

ஐந்தாம் சுற்றில் ஓரத்தில் நின்ற மார்செல் இரண்டு கையையும் உயர்த்தி மறித்தார். கோட்டைக் கழற்றிச் சுரேனிடம் கொடுத்துவிட்டு என்ஜின் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். "தண்ணி சூடேறிடுச்சு. இருபது நிமிஷம் ஆறட்டும். அப்பறம் மூணு சுத்து, அவ்வளவுதான். நாலாவதுக்குப் போனா நான் ஜவாப்தாரி இல்ல."

சுரேன் "சரி ஐயா" என்றான். மடுத்தீனுக்கு மார்செல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். மடுத்தீன் வாங்கிக் குடித்தார். அதற்குப் பிறகு சரியாக மூன்று சுற்று ஓடினார்.

திரும்பும்போது நகர வாசலான போர்த் த லா ஷப்பலில் லொறி நெரிசலில் மாட்டியது. சுரேனும் மார்செலும் என்ஜின் சூட்டுக்கு யார் பொறுப்பு என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஷிரோமி தகப்பனின் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டாள். முன்னால் ஒரு வாகனமும் நகரவில்லை. வலதுபக்க வரிசை காலியாவதைப் பார்த்து சுரேன் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

"இதிலேயே நில்லடா. என்ன அவசரம்?" என்றார் மடுத்தீன்.