பொம்மைக்குப் பெயர் இல்லை

புதிய பாடத்திட்டம் வந்தபோது எங்கள் நர்சிங் கல்லூரியில் அதிகம் முணுமுணுத்தவள் நான்தான். செமஸ்டர், கிரெடிட், பொம்மைகளைப் படுக்க வைத்த பயிற்சிக்கூடம், எல்லாமே எரிச்சல். இருபது வருஷம் வார்டில் நின்று சொல்லிக் கொடுத்தவளை ரப்பர் பொம்மைக்கு ஊசி போடச் சொல்லிக் கொடுக்க வைத்தால் கோபம் வராதா? காட்டூரில் பஸ் ஏறியதிலிருந்து பாலக்கரையில் இறங்கும்வரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவேன்.

பிறகு அதில் நானே கெட்டிக்காரி ஆகிவிட்டேன். செய்முறைத் தேர்வில் ஒரு மாணவிக்கு ஐந்து நிமிடம். மணி அடித்தால் அடுத்தவள் வந்துவிடுவாள். அவள் செய்ய வேண்டியவை என் கையிலுள்ள தாளில் வரிசையாக இருக்கும். செய்யச் செய்ய டிக் போட வேண்டும். முதல் வரி, நோயாளியின் பெயரைக் கேட்டுக் கைப்பட்டையில் சரிபார்ப்பது. பொம்மை பதில் சொல்லாது. அதன் கையில் பெயர் எழுதிய பட்டையும் கிடையாது.

"சரிபார்த்தேன்னு வாயால சொல்லிடுங்கம்மா, போதும். மார்க் உண்டு" என்று நான்தான் வழி கண்டுபிடித்தேன். மற்ற ஆசிரியைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் மணப்பாறைப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரு வரி விடாமல் சொல்வாள். ஒரு காலையில் அவளைப் பெண்கள் வார்டுக்கு அழைத்துப் போனேன். நாலாம் படுக்கையில் இருந்த உறையூர் அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். மருந்தைச் சரியான அளவில் எடுத்தாள். படுக்கையருகே போய் நின்று, படுத்திருந்தவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நோயாளியின் பெயரைக் கேட்டேன். கைப்பட்டையைச் சரிபார்த்தேன்" என்றாள், கணீரென்று.

கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் மனசு உடனே டிக் போட்டுவிட்டது. படுத்திருந்தவர் கையை நீட்டினார். ஊசி தோலைத் தொடப் போகும்போதுதான் அந்த முகம் என் கண்ணில் பட்டது. உறையூர் அம்மா இல்லை. முந்தின நாள் பித்தப்பை ஆபரேஷன் ஆன, சர்க்கரை நோயே இல்லாத ஆறாம் படுக்கைக்காரர்.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சிரிஞ்சு தரையில் உருண்டது.

"ஆறுல ஃபேன் சுத்தலைங்க சிஸ்டர். இந்தக் கட்டில் அம்மாதான் இங்க படுத்துக்கோன்னு மாத்திக்கிட்டாங்க" என்றார் அவர், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல.

"ஊசின்னதும் ஏம்மா கையை நீட்டினீங்க?"

"நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க. எனக்குன்னாத்தானே போடுவீங்க?"

வெறும் வயிற்றில் இருந்த அவருக்கு அந்த மருந்து ஏறியிருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கி நினைவு தப்பியிருக்கும். உயிரே போயிருக்கலாம்.

மாணவியை வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் கத்தினேன். "பேரைக் கேட்டியா நீ?"

"சொன்னேனே மேடம்."

மழுப்பவில்லை அவள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "லேப்ல இப்படித்தானே மேடம் பண்ணுவோம்? நீங்கதானே முழு மார்க் போட்டீங்க?"

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நடந்ததை எழுதி வார்டு பொறுப்பாளரிடம் கொடுத்தேன். யாருடைய தவறு என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கோபமெல்லாம் என்மேல்தான்.

மாலையில் பயிற்சிக்கூடத்தைத் திறந்து, முதல் வேலையாகப் பிளாஸ்டரைக் கிழித்துப் பொம்மையின் மணிக்கட்டில் சுற்றினேன். ஆறாம் படுக்கைக்காரரின் பெயரையே அதில் எழுதிவிடலாம், ஆயுசுக்கும் மறக்காது என்று தோன்றியது. பேனாவைத் திறந்தேன்.

என்ன பெயர்?

காலையில் அவர் பக்கத்தில் நின்றேன், பேசினேன், அவருக்காகக் கத்தினேன். எழுதிக் கொடுத்த தாளில்கூட 'ஆறாம் படுக்கை' என்றுதான் எழுதியிருந்தேன். நானும் கேட்கவில்லை.

பேனாவை மூடிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன்.