அவர் சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டொக்டரம்மாவுக்கு ஒரு பிடிவாதம். சத்திரசிகிச்சைக்கு முதல், தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதை நோயாளி தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் கைநாட்டு. அவருக்குத் தமிழ் அரைகுறை. நோயாளி சொல்வதை இங்கிலீஷில் சொல்வது தாதியான என் வேலை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய இங்கிலீஷ் என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை வேறு.

நீர்வேலியிலிருந்து ஒரு கமக்காரரை வண்டியில் கொண்டுவந்தார்கள். மண்வெட்டி பட்ட பாதம் கணுக்கால் தாண்டிக் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்றார் டொக்டரம்மா. கிணற்றுத் துலாவில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து மிதித்து, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மனிதர் அவர். அந்த இரண்டு கால்களில்தான் ஐந்து பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அதை நான் முதலில் சொன்னது அவருடைய தம்பியிடம். அவன் என்னை வாசலில் மறித்தான்.

"கால் எடுக்கிறதெண்டு அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ்ஸி. சொன்னால் வண்டியைத் திருப்பச் சொல்லுவார்."

ஒரு காரியம் தொடங்குமுன் கெட்ட சொல்லை வாயில் எடுக்கக்கூடாது என்றும் சொன்னான். அதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். சரி என்றேன்.

டொக்டரம்மா கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த மனிதர் வாத்தியாருக்குப் பாடம் ஒப்பிக்கிறவர் போல நிமிர்ந்து இருந்தார்.

"புண்ணைக் கழுவி, சீழ் எடுத்து, மருந்து கட்டப்போறியள். புகையிலை நடுகைக்கு முன்னம் நான் துலாவிலை ஏறிடுவன்."

சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிறகு டொக்டரம்மாவின் பக்கம் திரும்பி, முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்படும் என்பது தனக்கு விளங்குகிறது என்று சொல்கிறார் என்றேன். ஒரு சொல்லும் தடக்கவில்லை. டொக்டரம்மாவுக்குத் திருப்தி. அந்த மனிதருடைய பெருவிரலை மையில் தோய்த்ததும் நான்தான்.

அவருக்கு மயக்கம் தெளிந்தபோது தம்பிக்காரன் கோயிலுக்குப் போயிருந்தான். நேர்த்திக்கடனாம். நல்ல நேரம் பார்த்துத்தான் கடவுள் ஞாபகம் வந்தது அவனுக்கு. கட்டிலருகில் நான் மட்டும் நின்றேன். அவர் போர்வைக்கு மேலால் கையை மெல்லக் கீழே கொண்டுபோனார். முழங்காலுக்குக் கீழே துணி மெத்தையோடு படிந்துகிடந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது. சத்தம் போடுவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்கள் கேட்டனீங்கள் பிள்ளை. நான் சொன்னன். பிழையெண்டு ஏன் சொல்லேல்லை?"

கால் எடுத்ததால் பிழைத்தார் என்று பிற்காலத்தில் பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவர் அப்படிக் கேட்ட நேரம் பார்த்து டொக்டரம்மா உள்ளே வந்தார். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

நோகிறது என்கிறார் என்றேன்.

மருந்தைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.