சந்தனம் பட்ட ஓட்மீல்

போன ஞாயிற்றுக்கிழமை, வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மதியத்தில், என் மகள் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே, இந்த இலையுதிர் காலத்தில் ஓட்மீல் நிறத்தை உடுத்த ஐந்து வழிகள் என்று வகுப்பெடுத்தாள். ஓட்மீல் ஸ்வெட்டர், அதன்மேல் ஓட்மீல் கோட்டு, அதற்கும் மேலே கழுத்தைச் சுற்றி ஓட்மீல் துண்டு. பின்னால் இருந்த சுவரும் அதே நிறம். அவள் சிரிக்காவிட்டால் ஆள் இருப்பதே தெரிந்திருக்காது. எங்கள் திருப்பூரில் இலை உதிர்வது பங்குனியில். வேப்பமரம் மொட்டையாக நிற்கும், நாங்கள் போட்டிருக்கும் பனியனைப் பிழிந்து காயப்போடுவோம். அந்தச் சமயத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஐந்து வழியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

"கலரு சூப்பரா இருக்குல்லம்மா?" என்றாள் மகள். எனக்கு அந்த நிறத்தை நன்றாகத் தெரியும். போனில் வாசனை வராது என்பார்கள். எனக்குச் சந்தனம் மணந்தது.

நான் சாமளாபுரத்தில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், இன்றைக்கும் நான் ரகசியம் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும். அந்தத் தொண்டையோடு இருபது வருடம் முன்பு மங்கலம் ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். அப்படியென்றால் என்ன வேலை என்று அம்மா கேட்டாள். வெளிநாட்டுக்காரருக்கும் தையல்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கலர் பார்க்கும் வேலை என்றேன்.

நான் பார்த்த முதல் கலரே இந்த ஓட்மீல்தான். அடுத்த வருட இலையுதிர் காலத்துக்கு, தலையில் குல்லா வைத்த கனத்த சட்டைகள். ஓட்மீல் என்றால் ஓட்ஸ் கஞ்சி என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. குதிரைத் தீனி என்றார் கட்டிங் மாஸ்டர். வைக்கோல் நிறமா என்று கேட்டார் முதலாளி. வைக்கோலைவிடக் கொஞ்சம் சோகமாக இருக்கும் என்று விளக்கினேன். மாதிரித் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்கண்ணு, இது இனித்தான் சாயம் போடோணுமா, போட்ட சாயம் போயிருச்சா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. பருத்தித் துணி பின்னி வரும்போது ஏறக்குறைய அந்த நிறத்தில்தான் வரும். அதை வெளுத்து வெள்ளையாக்கி, பிறகு வெளுக்காத துணிபோலத் தெரிவதற்காகச் சாயம் போட்டோம். உலகமே நாகரிகம் என்று ஒத்துக்கொண்ட காரியத்தை நான் ஒருத்தி கேள்வி கேட்பதா என்று பேசாமல் இருந்தேன்.

அந்தச் சாயத்தைப் போட்டுக் கொடுத்தவர் டையிங் யூனிட்டின் காதர் மாஸ்டர். மொபெட்டில் வருவார். சட்டைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் துணித்துண்டுகள் எட்டிப்பார்க்கும். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார், அப்புறம்தான் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். சோப்பு சரியாகப் போயிருக்கிறதா என்று மூக்குச் சொல்லிவிடுமாம். நாங்கள் கம்ப்யூட்டர் பிள்ளைகள், பின்னால் நின்று சிரிப்போம்.

ஓட்மீலில் மூன்று மாதிரி போட்டுக் கொடுத்தார். மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. வெளிநாட்டு ஆபீசில் நடுவிலிருந்ததற்குச் சம்மதம் சொல்லி, ஒரு துண்டை அவர்கள் வைத்துக்கொண்டு இன்னொரு துண்டை அட்டையில் ஒட்டி அனுப்பினார்கள். அந்த அட்டை என் ஃபைலில் இருந்தது. அது வந்த வாரத்தில்தான் ஆயுத பூஜையும் வந்தது.

உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் ஊசி முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். தையல் மிஷின்களுக்கு வைத்து முடித்தார்கள். எனக்கு மிஷின் கிடையாது. புது வேலை, புதுப் பக்தி. என் ஆயுதம் ஃபைல்தானே என்று பன்னீர் விட்டுச் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று விரலால் இழுத்துப் பூசினேன். சாமியே நேரில் வந்திருந்தாலும் போதும் என்றிருக்கும். விடுமுறை முடிந்து வந்து திறந்தால், சந்தனம் ஊறி உள்ளே அட்டை வரைக்கும் போயிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன். காய்ந்த பிறகு உற்றுப் பார்த்தேன். ஓட்மீல் மாதிரித்தான் இருந்தது. அதில் பாதியை வெட்டி, வாசனை வெளியே வராத பிளாஸ்டிக் கவரில் ஒட்டி, இதுபோலவே போடுங்கள் என்று காதர் மாஸ்டருக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் இதுபோலவே போட்டார். அதுதான் அவருடைய திறமை.

சித்திரை வெயிலில், கம்பளிபோலக் கனத்த துணியை மடியில் போட்டு வியர்க்க வியர்க்கத் தைத்து முடித்தார்கள். கப்பல் ஏற்றும் முன் மாதிரிக்கு ஒரு பெட்டியை அனுப்பிவைத்தோம். சரக்கு மஞ்சளடிக்கிறது, இது எங்கள் ஓட்மீல் இல்லை என்று வெளிநாட்டிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. முழு ஆர்டரும் ரத்து.

முதலாளி காதர் மாஸ்டரை வரச்சொன்னார். மேசையில் வெளிநாட்டுக்காரர் திருப்பி அனுப்பிய அவர்களுடைய சுத்தமான துண்டு, எங்கள் சட்டை, என் ஃபைலில் மிஞ்சிய பாதித் துண்டு. சட்டையும் என் துண்டும் அச்சு அசல் ஒன்று. அவர்கள் துண்டு மட்டும் வேறு. மாஸ்டர் என் துண்டை எடுத்தார். வழக்கம்போல மூக்குக்குக் கொண்டுபோனார். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அந்தப் பாழாய்ப்போன பன்னீர் சந்தனம் விடவில்லை. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "சாயத் தண்ணி மாறிப்போச்சுங்க. எங்க பக்கத் தப்புத்தானுங்க."

அதே தெருவுக்குக் கேட்கும் தொண்டைதான் எனக்கு. அன்றைக்கு அதிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. முதல் வேலை, வீட்டில் பெருமை, என் கல்யாணப் பேச்சு வேறு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் உண்மையான காரணம்தான், எல்லாம் சேர்ந்தும் நான் செய்தது கோழைத்தனம்தான். டையிங் யூனிட்டில் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஷேடு தெரியாத மாஸ்டர் என்று பேர் பரவியது. ஊரிலேயே ஷேடு தெரிந்த ஒரே ஆள் அவர்.

ரத்தான சட்டைகளை என்ன செய்வது? அந்தத் தீபாவளிக்கு, வேட்டி சேலைக்குப் பதில், வீட்டுக்கு நான்கு என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டார் முதலாளி. அந்தக் குளிர்காலத்தில் மங்கலம் ரோடு முழுக்க ஓட்மீல்தான். அதை உடுத்த ஐந்து வழி என்று இன்றைக்கு வகுப்பெடுக்கிறார்கள். அதிகாலையில் பால்காரர் லுங்கிக்கு மேலே அதைப் போட்டுக் குல்லாவைக் கட்டிக்கொண்டு வருவார். வாட்ச்மேன் நாற்காலியில் மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தார். செக்கிங் அக்கா ஒருத்தி குல்லாவுக்குள் முருங்கைக்காய் வாங்கிப் போனாள். தறிக்காரர்கள் மிஷின் துடைத்தார்கள். குட்டி போட்ட ஆட்டுக்கு ஒன்றைச் சுற்றிவிட்டார்கள், அதற்குத்தான் அந்த நிறம் உண்மையிலேயே எடுப்பாக இருந்தது. போகிற இடமெல்லாம் என் தப்பு என்னைத் தாண்டிப் போனது. அழுக்கு தெரியாத நிறம் என்று அம்மா மட்டும் பாராட்டினாள்.

சில வருடம் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டில் காதர் மாஸ்டரைப் பார்த்தேன். ஒரு சின்ன யூனிட்டில் துணி உலர்த்துவதாகச் சொன்னார். மாஸ்டர், அந்த அட்டை, என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அன்னைக்கு மொதலாளி முன்னால மோந்தப்பவே தெரியுமுங்க அம்மிணி. பூஜைச் சந்தனத்துல சரக்குப் போச்சுன்னு நான் போய் எப்படிங்க சொல்றது? அதுவுமில்லாம நீங்க வேலைக்குப் புதுசு." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிச் சொன்னார்: "கலரு நல்லாத்தானுங்க இருந்துச்சு. அவுங்களுக்குக் கண்ணு பழகல."

இப்போது பழகிவிட்டது. மகள் காட்டிய வீடியோவில் இருந்தது அந்த மஞ்சளடிக்கும் ஓட்மீலேதான். எழுந்துபோய், பீரோவின் அடித்தட்டில் இத்தனை வருடம் வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தேன். கதையையும் சொன்னேன். பாதிக் கதையில் அவள் கண்ணாடி முன்னால் போய்விட்டாள். அன்று மாலையே படம் எடுத்துப் போட்டாள், கீழே "என் அம்மா உருவாக்கிய கலர்" என்று எழுதி. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு ரசனை அதிகமாம்.

காதர் மாஸ்டர் இறந்து நான்கு வருடமாகிறது. அந்த டையிங் யூனிட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஆபீஸ்களில் ஃபைல் இல்லை, அட்டை இல்லை, கலருக்குச் சம்மதம் திரையிலேயே வந்துவிடுகிறது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்மேல் சந்தனப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், அது எங்கேயும் ஊறாது. துணியை மோந்து பார்க்கிற ஒருவரையும் நான் இப்போது பார்ப்பதில்லை.

மாஸ்டர் பேரைப் போடு என்று மகளிடம் இரண்டு நாளாகச் சொல்கிறேன். "இப்ப மாத்துனா ரீச் போயிரும்மா" என்கிறாள். அதனால் உங்களிடமாவது சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கலர் காதர் மாஸ்டர் போட்டது. சந்தனம் மட்டும்தான் என்னுடையது.