குழல்காரரும் சிஞ்ஞோரா வீடும்

தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. அம்மா பிள்ளைப்பேற்றுக்குப் போனால் சிஞ்ஞோரா வீட்டு வேலைக்கு யாரை அனுப்புவது என்பதுதான் பெரிய வழக்காக ஓடிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா என்பது அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டின் இத்தாலிய எசமானி. தொண்ணூறுகளில் பலேர்மோ நகரில் வேலைக்கு நல்ல வீடு கிடைப்பது நல்ல மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம். பதிலுக்குப் போகிற ஆள் அங்கேயே வேர்விட்டுவிட்டால் அம்மாவின் வேலை போய்விடும். பெரியம்மா தானே போகிறேன் என்றார். சித்தியும் அப்படியே. இருவரும் திடீரென்று அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்த அன்பில் அம்மா பயந்தே போனார்.

"இஞ்சேருங்கோ, என்ரை அக்காவெண்டாலும் சிஞ்ஞோரா வீட்டு லிஃப்டிலை ஒருக்கா ஏறினா பிறகு இறங்கமாட்டா," என்றார் அப்பாவிடம்.

அப்போதுதான் மேல்மாடிக் கியூபாக்காரர் அம்மாவின் கண்ணில் பட்டார். போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் எங்கள் தலைக்கு மேலே குடியிருந்த அவர் காலையில் புல்லாங்குழல் ஊதுவார். மத்தியானம் பென்சிலைக் கடித்துக்கொண்டு இசை எழுதுவார். சில மாலைகளில் கறுப்புக் கோட்டுடன் போய் ஒரு வாத்தியக் குழுவுக்கு முன்னால் கோல் அசைப்பார். கோடையில் மொண்டெல்லோ கடற்கரை உணவகங்களில் ஆட்கள் ஆடுவதற்கும் ஊதுவார். ஹவானாவில் மூன்றிலும் தனக்குப் பெரிய பெயர் என்று படிக்கட்டில் வைத்து என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் அப்படியே தமிழாக்கி வீட்டில் ஒப்புவித்தேன்.

"மூண்டு வேலையோ? பாவம், ஒண்டும் நிரந்தரமில்லைப் போலை," என்றார் அம்மா.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கணக்கு அது. மூன்று இடத்துக்கு ஓடுகிறவனுக்கு மூன்றிலும் வயிறு நிறையாது. ஒன்றிலும் நிலைக்காதவன் அம்மாவின் வேலையில் மட்டும் நிலைத்துவிடுவானா? இதைவிடத் தோதான ஆள் ஊரிலேயே இல்லை என்று அம்மா முடிவுகட்டினார்.

அவரிடம் கேட்கப் போனபோது மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கியூபாக்காரர் கோபிப்பார் என்று நினைத்தேன். எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

தம்பி பிறந்தான். சிஞ்ஞோராவிடமிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. அதுவே அம்மாவின் நித்திரையைக் கெடுத்தது. போதாததற்குச் சித்தி வேறு வந்து, "சிஞ்ஞோராவும் குழல்காரரும் பல்கனியிலை இருந்து கோப்பி குடிக்கினம், நான் கண்டனான்," என்று பற்றவைத்துவிட்டுப் போனார். வேலை போய்விட்டது என்றே அம்மா நம்பினார். உடம்பு தேறியதும் தம்பியைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்த சிஞ்ஞோராவின் கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி இருந்தது. உள்ளே குழல் சத்தம். முன்பு ஏதோ ஒரு மேடையில் அவரைக் கண்டிருந்ததால் முதல் நாளே சிஞ்ஞோராவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டதாம். இப்பேர்ப்பட்ட மாயெஸ்த்ரோவிடம், சங்கீத மேதையிடம், கழிவறையைக் கழுவச் சொல்ல வாய் வருமா? வேலை செய்யாமல் சம்பளம் வாங்க அவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் அவர் ஊதுவது, சிஞ்ஞோரா துடைப்பது என்று ஒப்பந்தமாகிவிட்டது. வாரா வாரம் சம்பளம் மட்டும் அவருக்கு. தளபாடமெல்லாம் ஒரே தூசி. சிஞ்ஞோரா அம்மாவைக் கட்டிப்பிடித்து, தன் இடுப்பு முறிந்துவிட்டது, நாளைக்கே வா என்றார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழல்காரரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். பெரியம்மாவும் சித்தியும்கூட நண்டுக் கறியோடு வந்து தோல்வியை ஒத்துக்கொண்டார்கள். அப்பா கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் குழல்காரர் அம்மாவின் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரிந்து இப்படி வேறு வீடு ஏதும் இருக்கிறதா என்று இத்தாலியனில் கேட்டார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்சம் பிந்தி அவரும் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பகிடி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, நான் அதை இன்னொரு தடவை தமிழில் சத்தமாகச் சொன்னேன்.